பரோலோ: மோந்து பார்த்த கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. ஆணி அதிகம்னு சொன்னா நீங்களும் அதையேதான் சொல்வீங்க, அதனால அதை விட்டுடலாம். இது 2024 அக்டோபர்ல போன பயணம். எழுதலாம்னு உட்கார்ந்து நாலு தடவை பாதியிலயே எழுந்துட்டேன். பயணக் கட்டுரைன்னு ஆரம்பிச்சா அது வேற எங்கயோ போய் நின்னுடுது. சரி, போற வழியில போகட்டும்னு இந்தத் தடவை விட்டுட்டேன்.

2024 மார்ச்ல கம்பெனி என்னை இத்தாலிக்கு, டூரினுக்கு, பொட்டி தட்ட அனுப்பிச்சுது. ஃபியட் பொறந்த ஊர். நான் பார்க்குறதும் கார் சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர்தான். ஆனா டூரின்ல நான் கார் ஓட்டினதில்லை, ட்ராம் இருக்கு, பொழைப்பு ஓடுது. அக்டோபர் வந்ததும் ஆஃபீஸ்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "லாங்கே போயிட்டியா?" லாங்கேங்கிறது டூரினுக்குத் தெற்கே 60, 70 கிலோமீட்டர்ல இருக்குற மலைச்சரிவு பூமி. பரோலோ, பார்பரெஸ்கோன்னு பெரிய பெரிய ஒயினெல்லாம் அங்கதான் விளையுது. 2014ல யுனெஸ்கோக்காரங்க அந்தத் திராட்சைத் தோட்டங்களையே உலகப் பாரம்பரியச் சின்னம்னு சேர்த்துட்டாங்க. அறுப்பு நேரத்துல டூரின்ல இருந்துக்கிட்டு அங்க போகாம இருக்கிறது, தஞ்சாவூர்ல வேலை பார்த்துக்கிட்டு பெரிய கோயிலைப் பார்க்காத மாதிரி.

"நீதான் குடிக்க மாட்டியே, அங்க போய் என்ன பண்ணப்போற?"ன்னாங்க தங்கமணி.

"மலை பார்க்கலாம்."

"மலை கல்வராயன்லயும் இருக்கு."

இருந்தாலும் கிளம்பிட்டோம். சனி, ஞாயிறு ரெண்டு நாள். வாடகைக்கு ஒரு குட்டி ஃபியட் பாண்டா. இந்திய லைசென்ஸ், கூடவே சர்வதேச பர்மிட். வண்டி நம்ம ஊரு மாதிரி கியர் வண்டிதான், ஆனா ஸ்டீயரிங் இடது பக்கம். முதல் அரை மணி நேரம் கியர் மாத்தணும்னு நினைக்கும்போதெல்லாம் இடது கை தானா போய் கதவைத் தட்டுது. "யாராவது வெளிய நிக்கிறாங்களா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. ரவுண்டானா வந்தா இன்னும் மோசம். நம்ம ஊர்ல ரவுண்டானாவுல தைரியம் இருக்கிறவன் முதல்ல போவான், இங்க உள்ள சுத்திக்கிட்டு இருக்கிறவனுக்கு வழி விடணும். நான் எல்லாருக்கும் வழி விட்டேன். பின்னாடி வந்தவங்க ஹாரன்லயே நாலு வார்த்தை சொன்னாங்க.

அந்தப் பக்கம் கார்ல போறவங்களுக்கு ஒரு புண்ணியமான தகவல். பழைய ஊருக்குள்ள நுழையுற இடத்துல சிவப்பு வட்டம் போட்ட ஒரு போர்டு இருக்கும், இசட்.டி.எல்.னு எழுதி. உள்ளூர்க்காரங்க வண்டி மட்டும்தான் உள்ள போகலாம்னு அர்த்தம். போலீஸ் எல்லாம் நிக்க மாட்டாங்க, கேமரா மட்டும் சத்தமில்லாம படம் புடிச்சுக்கும். நான் அதை ஏதோ சர்ச் விளம்பரம்னு நினைச்சு ஒரு ஊர்ல உள்ள போயிட்டு வந்தேன். நாலு மாசம் கழிச்சு வாடகைக் கம்பெனி வழியா அபராதச் சீட்டு வந்தது. தொகையை இங்க போட மாட்டேன், தங்கமணி படிப்பாங்க :-)

ஆல்பாதான் லாங்கேவுக்குத் தலைநகரம் மாதிரி. வண்டியை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டு (புத்தி அதுக்குள்ள வந்திருந்துச்சு) நடந்து போனோம். வெள்ளை ட்ரஃபிள் திருவிழா நடந்துக்கிட்டு இருந்தது. பாக்க சேப்பங்கிழங்கு மாதிரி இருக்குற ஒரு பூஞ்சைக் கிழங்கு, தங்கத்தை நிறுக்கிற மாதிரி நிறுத்து விக்கிறாங்க. வாசனை எனக்கு கேஸ் லீக் ஆன மாதிரி இருந்தது, சொன்னா அடிக்க வருவாங்க. எனக்கு அங்க புடிச்சது வேற. நியூடெல்லா பாட்டில் தெரியும்ல, நம்ம வீட்டுப் பிள்ளைங்க ரொட்டியை விட்டுட்டு அதை மட்டும் நக்குமே, அது இந்த ஊர்ச் சரக்குதான். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு கொக்கோ கிடைக்காத நேரத்துல, இந்த மலையில கொட்டிக் கிடந்த ஹேசல்நட்டை அரைச்சு சாக்லேட்ல கலந்து ஃபெர்ரேரோ குடும்பம் வியாபாரத்தை ஆரம்பிச்சுது. கம்பெனி 1946, நியூடெல்லாங்கிற பேரு 1964. தொழிற்சாலை பெருசானப்போ ஆளுங்களை ஆல்பாவுக்குக் குடி வரச் சொல்லலை, கம்பெனியே மலைக் கிராமங்களுக்கு பஸ் விட்டுது. ஷிஃப்டு முடிஞ்சா ஆளு தன் ஊருக்கே திரும்பிடுவான், மிச்ச நேரத்துல தன் கொல்லையைப் பார்த்துக்குவான். அந்தக் காலத்துல இந்த மலையில அவ்வளவு வறுமை. வேலை தேடி ஊரே காலியாகிக்கிட்டு இருந்த நேரம். இன்னைக்கு இதே மண்ணுல பரோலோ திராட்சைத் தோட்டம் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல போகுது. ரூபாய்க்கு மாத்திப் பார்த்தேன், தலை சுத்துச்சு.

ஆல்பாவுல இருந்து மலை ஏற ஆரம்பிச்சா சும்மா சொல்லக்கூடாது. ரோடு ஒரு மலை முதுகு மேலயே ஓடுது. ரெண்டு பக்கமும் சரிவு, சரிவு முழுக்க சீப்பால வாரி விட்ட மாதிரி கொடி வரிசை. ஒவ்வொரு உச்சியிலயும் ஒரு கிராமம், அதுல ஒரு கோட்டையோ சர்ச் கோபுரமோ. க்ரின்சானே கவூர் கோட்டையைப் பார்த்தோம். இத்தாலியோட முதல் பிரதமர் கவூர், சின்ன வயசுல இந்த ஊருக்கு 17 வருஷம் மேயரா இருந்திருக்கார். செர்ராலுங்காவுல இருக்கிற கோட்டை ஒல்லியா, உயரமா, ஆறாங்கிளாஸ் பையன் வரைஞ்ச மாதிரி இருக்கு. லா மோர்ரா ஊர்ல ஒரு மேடை மாதிரி இடம், அங்க நின்னா பரோலோ பூமி மொத்தமும் கீழ விரிஞ்சு கிடக்கு. அதுக்குக் கீழ தோட்டத்து நடுவுல குட்டியா ஒரு சேப்பல், சுவர் முழுக்க சிவப்பு, மஞ்சள், நீலம். 1999ல சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட்னு ரெண்டு ஓவியர்கள் சேர்ந்து பண்ணினது. நம்ம ஊரு அய்யனார் கோயில் பெயிண்டுக்குப் பங்காளி. தங்கமணி அங்க எடுத்த படங்களை மட்டும் ஆல்பமா போடலாம்.

வழியெல்லாம் அறுப்பு. மத்த திராட்சையெல்லாம் செப்டம்பர்லயே முடிஞ்சுடும், நெபியோலோங்கிற இந்த ஜாதி மட்டும் அக்டோபர் வரைக்கும் இழுக்கும். பரோலோ ஒயின் முழுக்க முழுக்க நெபியோலோவுலதான் பண்ணணும், வேற கலக்கக்கூடாது. அறுத்த வருஷம் நவம்பர் 1ல இருந்து கணக்கு வெச்சு 38 மாசம் ஊறணும், அதுல குறைஞ்சது 18 மாசம் மரப் பீப்பாய்க்குள்ள. அதாவது நாங்க கண்ணால பார்த்த அந்த 2024 பழம், கடைக்கு வர 2028 ஜனவரி ஆகிடும். நம்ம டேமேஜர் ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் கேக்குறார்.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்த்தவங்களுக்குத் தெரியும், தலைக்கு மேல பந்தல் போட்டிருப்பாங்க. இங்க பந்தல் கிடையாது. இடுப்பு உயரத்துல கம்பி, அதுல கொடி. குனிஞ்சு குனிஞ்சுதான் வெட்டணும், அதுவும் நிமிர்ந்து நிக்கவே முடியாத சரிவுல. வெட்டிக்கிட்டு இருந்தவங்கள்ல பாதிப் பேர் இத்தாலிக்காரங்க மாதிரி தெரியலை. ஒருத்தர் இடுப்புல ரெண்டு கையையும் வெச்சு பின்னாடி வளைஞ்சு முதுகை நிமிர்த்தினார். அந்த வளைவை நான் எங்க ஊர் கரும்புக் கொல்லையில நூறு தடவை பார்த்திருக்கேன்.

ராத்திரி காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ பக்கத்துல ஒரு பண்ணை வீட்டுல தங்கினோம். ஒயின் பண்ற குடும்பமே நாலு ரூமை வாடகைக்கு விடுறாங்க. காலையில ஆறரை மணிக்கு முழிப்பு வந்து ஜன்னலைத் திறந்தா, உலகம் இல்லை. அவ்வளவுதான். முந்தின நாள் பார்த்த பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. மலை உச்சி கிராமங்கள் மட்டும் தீவு மாதிரி மிதக்குது. இத்தாலியன்ல பனிமூட்டத்துக்கு நெபியான்னு பேரு. நெபியோலோங்கிற பேரே அதுல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்றாங்க. தங்கமணி ஓடிப்போய் கேமராவை எடுத்துட்டு வந்தாங்க. நான் ஜன்னல்லயே நின்னேன்.

இங்கதான் கொசுவத்தி சுத்தணும். நாலு தடவை எழுந்து போனதும் இந்த இடத்துலதான்.

எங்க ஊர் சங்கராபுரம் பக்கம். அம்மாவோட கடைசித் தம்பி, எனக்கு சின்ன மாமா. கரும்பு வெட்டுக்குப் போவார். நான் அஞ்சாவது படிக்கும்போது, முழுப் பரீட்சை லீவு, சித்திரை மாசம். முந்தின நாள் சாயங்காலம் வெட்டு முடிஞ்சு வந்து ரெண்டு பாக்கெட் சாராயம் குடிச்சுட்டு, வழக்கம்போல பாட்டுப் பாடிட்டு, திண்ணையில படுத்துட்டார். மறுநாள் மதியம் எழுந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டே வாசல்ல உட்கார்ந்தார். நான் அங்கதான் கோலி ஆடிக்கிட்டு இருந்தேன்.

"மாப்ள, என்னாடா இந்நேரத்துல இப்படி பனி கொட்டுது?"ன்னு கேட்டார்.

சித்திரை வெயிலு. மண்ணுல கால் வைக்க முடியலை. மாமா தமாஷ் பண்றார்னு நினைச்சு நான் சிரிச்சேன். "ஆமா மாமா, ஊட்டி மாதிரி இருக்கு"ன்னு சொன்னேன். அவரும் சிரிச்சார்.

சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உயிர் வந்தது, கண்ணு வரலை. வெளிச்சம், இருட்டு இது ரெண்டும் மட்டும் தெரியும். அப்போ அவருக்கு 31 வயசு.

ரொம்ப வருஷம் கழிச்சு, எஞ்சினீரிங் படிக்கும்போது, நெட்டுல உட்கார்ந்து தேடிப் படிச்சேன். சாராயத்துல கலந்தது மெத்தனால். வாயில வெச்சா வித்தியாசம் தெரியாது, நிறமும் கிடையாது. உடம்புக்குள்ள போய் கல்லீரல் அதை முதல்ல ஃபார்மால்டிஹைடா மாத்துது, அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்துது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்னுறது. இதெல்லாம் நடக்க பல மணி நேரம் ஆகும், அதனால குடிச்சவனுக்கு ராத்திரி ஒண்ணும் தெரியாது, மறுநாள்தான் தெரியும். கண்ணு முன்னாடி பனி விழுந்த மாதிரி இருக்குன்னுதான் உலகம் முழுக்க நோயாளிங்க சொல்றாங்களாம். மருத்துவப் புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. மாமா தமாஷ் பண்ணலை. இன்னொண்ணும் படிச்சேன். இதுக்குக் கொடுக்குற மாற்று மருந்துகள்ல ஒண்ணு எத்தனால், அதாவது நல்ல சாராயம். கல்லீரல் எத்தனாலைத்தான் முதல்ல கவனிக்கும், அந்த நேரத்துல மெத்தனால் மாறாம அப்படியே வெளியேறிடும். மாமாகிட்ட இதைச் சொன்னப்போ, "அதான்டா, ஆஸ்பத்திரியில எனக்கு ஊத்திவிட்டாங்க. அதுதான் நான் கடைசியா குடிச்சது, காசு கொடுக்காம"ன்னார்.

பேப்பர்ல வரலை. செத்தாத்தான் வரும், அதுவும் நாலு பேரா செத்தா. அம்மா என்னை மாரியாத்தா கோயிலுக்கு இழுத்துட்டுப் போய் கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. பத்து வயசுப் பையன்கிட்ட! இன்னைக்கு வரைக்கும் ஆஃபீஸ் பார்ட்டியில ஆரஞ்சு ஜூஸோட சுத்துற ஜீவன் நான்தான். ஏன்னு கேட்டா "வண்டி ஓட்டணும்"னு சொல்லிடுவேன். டூரின்ல வண்டியே இல்லாம அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

சரி, காஸ்தில்யோனேவுக்குத் திரும்புவோம். பத்து மணிக்குப் பனி விலகினதும் அந்த வீட்டு நிலவறையைச் சுத்திக் காட்டினாங்க. எழுபது தாண்டின ஒரு பெரியவர், இங்கிலீஷ் தெரியாது. கூட அவரோட பேத்தி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பிரமாதமா இங்கிலீஷ் பேசுது. ஆளுயரத்துக்கு மேல பீப்பாய்கள். கொடி வரிசை முனையில ஏன் ரோஜாச் செடி வைக்கிறாங்க (நோய் வந்தா ரோஜா முதல்ல காட்டிக் கொடுத்துடும்), தெற்குப் பார்த்த சரிவுக்கு ஏன் அவ்வளவு மவுசு, வடக்குப் பார்த்த சரிவுல ஏன் ஹேசல்நட் போடுறாங்க, எல்லாம் விளக்கமா சொன்னாங்க. அப்புறம் மேஜைக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு கண்ணாடி வெச்சார் பெரியவர்.

நான் ஒரு கண்ணாடியைத் தள்ளி வெச்சேன். "வண்டி ஓட்டணும்." இந்தத் தடவை நிஜமாவே வண்டி இருந்தது.

அவர் ஒரு வாளியைக் காட்டினார். வாயில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிடலாமாம், எல்லாரும் அப்படித்தானாம். எனக்கு என்ன தோணுச்சோ தெரியலை, காலையில பார்த்த பனியா இருக்கலாம், மாமா கதையைச் சொல்லிட்டேன். ஆஃபீஸ்ல அஞ்சு வருஷமா யார்கிட்டயும் சொல்லாததை. பேத்தி ஒவ்வொரு வரியா மாத்திச் சொல்லிக்கிட்டே வந்துச்சு. நான் "மெத்தனால்"னு சொன்னதும் அந்தப் பொண்ணு வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பெரியவர் கையில இருந்த பாட்டிலைக் கீழ வெச்சார்.

"மெத்தானோலோ,"ன்னார். அவங்க பாஷையிலயும் அதே வார்த்தைதான்.

அப்புறம் அவர் பேச ஆரம்பிச்சார். 1986 மார்ச். மிலான்ல ஆளுங்க வரிசையா சாகுறாங்க, சில பேருக்குக் கண்ணு போகுது. என்னன்னு பார்த்தா, சூப்பர் மார்க்கெட்ல வாங்கின மலிவான பார்பெரா ஒயின். பார்பெராங்கிறதும் இந்தப் பக்கத்துத் திராட்சைதான். ஒயின்ல போதை கம்மியா இருந்தா விலை போகாது. அதை ஏத்துறதுக்கு மெத்தனாலை ஊத்தியிருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி 1984ல மெத்தனால் மேல இருந்த வரியை எடுத்ததும் அது சல்லிசாக் கிடைச்சிருக்கு. 20க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. ஆரம்பம் எங்கன்னு தேடிப் போனா, இந்த மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நார்சோலேங்கிற ஊர்ல ஒரு ஒயின் வியாபாரி, அப்பாவும் மகனும்.

இதுல முக்கால்வாசி எனக்கு முன்னாடியே தெரியும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60க்கும் மேற்பட்டவங்க செத்தப்போ, டூரின்ல தூக்கம் வராம ராத்திரி முழுக்க மெத்தனால் சாவுகளைத் தேடித் தேடிப் படிச்சேன். அப்போ கண்ணுல பட்டது. ஆனா படிச்சது வேற, இது வேற. பெரியவர் அன்னைக்கு முப்பது சொச்சம் வயசுக்காரர். அவர் ஒயின்ல ஒரு சொட்டு கலப்படம் கிடையாது, ஆனாலும் ஜெர்மனிக்குப் போக வேண்டிய சரக்கை வேண்டாம்னுட்டாங்களாம். உள்ளூர்ல கூட கேக்க ஆளில்லை. ஒரு வருஷம் பீப்பாயை அவர் அப்பா திறக்கவே இல்லையாம்.

"அப்புறம்தான் எல்லாரும் ஒழுங்கானோம்"னு சொன்னார். "கம்மியா விளைய வெச்சோம், நல்லா விளைய வெச்சோம்." 1992ல ஒயின் சட்டத்தையே மாத்தி எழுதினாங்க. பக்கத்து ஊர் ப்ராவைச் சேர்ந்த கார்லோ பெட்ரினி ஆளுங்க, பின்னாடி ஸ்லோ ஃபுட்னு உலகம் முழுக்கப் போன அந்த இயக்கத்தோட முதல் சங்கத்தை ஆரம்பிச்சதும் அதே 1986லதான்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "செத்தவங்களைப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க?"

பேத்தி மாத்திச் சொல்லுச்சு. பெரியவர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். அப்புறம் மெதுவா ஏதோ சொன்னார். பேத்தி அதை எங்களுக்குச் சொல்லலை. அவர் பக்கம் திரும்பி, "நோன்னோ,"ன்னு ஆரம்பிச்சு அதுவே ஏதோ கேட்டுச்சு. அவர் பதில் சொன்னார். அது இன்னொண்ணு கேட்டுச்சு. ரெண்டு பேரும் இத்தாலியன்ல அஞ்சு நிமிஷம் பேசிக்கிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் அங்க இருக்கிறதையே மறந்துட்டு. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இத்தாலியன்ல ஒண்ணும் புடிபடலை. கடைசியில அந்தப் பொண்ணு எங்க பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க, இதை என்கிட்ட இவர் இதுவரைக்கும் சொன்னதே இல்லை. அந்த பாட்டிலை வாங்கினவங்க எல்லாம் இருக்கிறதுலயே மலிவானதை வாங்குறவங்க, அதனால இங்க யாரும் அவங்களைப் பத்திப் பேசலைன்னு சொல்றார். ஒயின் பேரு கெட்டுப் போச்சேன்னுதான் எல்லாரும் அழுதாங்களாம்"னு சொல்லுச்சு.

கள்ளக்குறிச்சி சாவுக்கு அரசாங்கம் தலைக்கு 10 லட்சம்னு அறிவிச்சப்போ எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஓடினது ஞாபகம் வந்தது. "குடிச்சுட்டு செத்தவனுக்கு 10 லட்சமா, அப்போ ஒழுங்கா வரி கட்டுற நாம கேனையா?" நாப்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தாங்க. நானும் அந்த குரூப்ல இருக்கேன். எங்க மாமாவைப் பத்தி நாலு வரி தட்டினேன், அழிச்சேன். திருப்பி தட்டினேன், அழிச்சேன். அதோட சரி. எஞ்சினீரிங் காலேஜ்ல நாலு வருஷம் கூடவே சாப்பிட்டவனுங்களுக்கு என் மாமா எப்படி கண்ணை இழந்தார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சக்கரை வியாதின்னு சொல்லி வெச்சிருக்கேன். முன்ன பின்ன தெரியாத ஒரு இத்தாலித் தாத்தாகிட்ட சொல்ல முடிஞ்சது எனக்கே ஆச்சரியம்.

பெரியவர் தங்கமணிக்கு மட்டும் ஊத்தினார். அவங்க ரெண்டு மிடறு குடிச்சுட்டு, "துவர்ப்பு, வெத்தலைப் பாக்கு மாதிரி, ஆனா நல்லா இருக்கு"ன்னாங்க. என் முன்னாடி இருந்த கண்ணாடியிலயும் கொஞ்சம் ஊத்தி, மூக்கைத் தொட்டுக் காட்டினார். மோந்து பாருன்னு. மோந்து பார்த்தேன்.

வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கினோம், ஆஃபீஸ்ல கொடுக்க. ஒவ்வொரு பாட்டில் கழுத்துலயும் அரசாங்கம் அச்சடிச்ச ஒரு காகிதப் பட்டை, அதுல நம்பர். எந்தச் சரக்கு எங்க இருந்து வந்ததுன்னு அந்த நம்பரை வெச்சே கண்டுபிடிச்சுடலாம். மாமா குடிச்ச பாக்கெட்ல ஒரு எழுத்து கூடக் கிடையாது.

டூரினுக்குத் திரும்ப நொவெல்லோ வழியா இறங்கினோம். தனாரோ ஆத்தைத் தாண்டினதும் ஜி.பி.எஸ். அம்மா நேரா நார்சோலேக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டாங்க. நான் திட்டம் போட்டு வரலை, சத்தியமா. ஒரு சர்ச், கொஞ்சம் வீடு, கடை, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துத் தூக்கம். எல்லா ஊர் மாதிரியும் ஒரு ஊர். ரெண்டு பேர் பண்ணினதுக்கு ஊர் என்ன பண்ணும் பாவம். ஊரைத் தாண்டி ரோட்டோரமா இடம் பார்த்து வண்டியை நிறுத்திட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். அங்க ராத்திரி ஏழரை மணி. அத்தையோட பொட்டிக்கடையில கல்லாவுல உட்கார்ந்திருப்பார். தடவிப் பார்த்தே நோட்டைச் சொல்லிடுவார். 2016க்கு அப்புறம் புது நோட்டு அளவெல்லாம் மாறிப் போய் ரொம்ப நாள் தடுமாறினார். ரிசர்வ் வங்கி விட்ட நோட்டு அடையாளம் சொல்ற மணி ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். "அது சொல்றதுக்குள்ள சில்லறை வாங்க வந்தவன் வீட்டுக்குப் போய் சேர்ந்துடுவான்"னு தூக்கி வெச்சுட்டார்.

"என்னா மாப்ள, எங்க இருக்க?"

"திராட்சைக் கொல்லைக்கு நடுவுல நிக்கிறேன் மாமா."

"பந்தலா?"

"இல்ல மாமா. கம்பி கட்டி வரிசை வரிசையா விட்டிருக்காங்க. மலைச்சரிவு."

"தண்ணி எப்படி ஏத்துறான்?"

"ஏத்துறதில்ல. மழைதான்."

"மானாவாரித் திராட்சையா!" மாமா யாரோ வாடிக்கைக்காரர்கிட்ட, "கேட்டியாயா, இத்தாலியில மானாவாரியில திராட்சை போடுறானாம்"னு சொல்றது கேட்டுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குடிச்சியா?"ன்னார்.

"இல்ல மாமா. மோந்து பார்த்தேன்."

"கூறு கெட்டவனே. அவ்ளோ தூரம் போயி மோந்து பார்த்துட்டு வந்தானாம். சரி, எப்படி இருந்துச்சு வாசம்?"

"தாரும் ரோஜாவும் கலந்த வாசம்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"ரோடு போடுற தாரா?"

"ஆமா. எனக்கு என்னமோ, கல்யாண மண்டபத்துல மறுநாள் காலையில மாலையெல்லாம் காஞ்சு கிடக்கும்ல, அந்த வாசம் வந்துச்சு."

"ம். கலரு?"

"செங்கல் கலர் மாமா. ஆனா கண்ணாடி மாதிரி தெளிவு. அந்தப் பக்கம் வெச்ச என் விரல் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கடைக்குள்ள யாரோ பீடிக்கட்டு கேட்டாங்க, எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கிப் போட்ட சத்தம் வந்தது.

"அன்னைக்கும் தெளிவாத்தான்டா இருந்துச்சு"ன்னார். அப்புறம் அவரே, "சரி சரி, அங்க இருட்டிடப் போகுது, ரோட்டுல நின்னு பேசாத. பொண்ணைப் பத்திரமா கூட்டிட்டுப் போ. உங்கம்மாகிட்ட இந்த மாதிரி எடத்துக்குப் போனேன்னு சொல்லாத, மறுபடியும் கற்பூரத்தைத் தூக்கிட்டு வந்துடுவா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. லாங்கேல ட்ரஃபிள் பார்த்தோம்னு மட்டும் சொல்லியிருக்கேன்.